தட்டைப் பெயோட்டி மணிப்பின்னல்: முதல் பட்டையைச் சரியாகத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெயோட்டி பின்னலில் ஒவ்வொரு மணியும், முந்தைய வரிசையின் இரு மணிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் போய் உட்கார்கிறது. செங்கல் சுவரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தது போன்ற அமைப்பு அது. ஒரு மணியை எடுப்பது, ஒரு மணியைத் தாண்டுவது, அடுத்த மணிக்குள் ஊசியை விடுவது என்ற ஒரே அசைவுதான் தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வருகிறது. இவ்வளவு எளிய பின்னலைப் பலர் பாதியில் கைவிடுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் நான்காம் வரிசைக்கு முன்னால்தான் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டி தொடக்கத்தில் மெதுவாகவும், பின்னல் பிடிபட்ட பிறகு விரைவாகவும் செல்கிறது.

1. முதலில் பின்ன வேண்டியது ஒரு மாதிரித் துண்டு

அழகான கைப்பட்டை வடிவம் ஒன்றைப் பார்த்து அதிலேயே தொடங்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு முன், 10 மணி அகலமும் 30 வரிசை நீளமும் உள்ள மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னிப் பார்க்கவும். அதில் எல்லா அசைவுகளும் வந்துவிடும். கெட்டுப்போனாலும் இழப்பு சிறியது.

அகலம் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். இரட்டைப்படையில் இரு ஓரங்களிலும் திரும்புவது ஒரே மாதிரி எளிதாக நடக்கும். ஒற்றைப்படை அகலத்தில் ஒரு பக்க ஓரத்தில் மணியைத் தாங்கிப் பிடிக்க அடுத்த மணி இருக்காது. அதற்குத் தனித் திருப்பம் தேவை. அதைப் பதின்மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

2. மணிகளைத் தேர்ந்தெடுத்தல்

மணிகளின் அளவு 6/0, 8/0, 11/0, 15/0 என்று குறிக்கப்படும். எண் பெரிதாகப் பெரிதாக மணி சிறிதாகும். 8/0 மணி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டமுடையது. 11/0 வட்ட மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். மாதிரித் துண்டுக்கு 8/0 அளவையே பரிந்துரைக்கிறேன். நூல் எந்த மணிக்குள் போகிறது, எந்த மணியைத் தாண்டுகிறது என்பதைக் கண் தெளிவாகப் பார்த்தால்தான் கை விரைவில் கற்றுக்கொள்ளும்.

அளவைப் போலவே வடிவமும் முக்கியம். வட்ட மணிகள் ஓரம் உருண்டிருப்பதால் பின்னல் சற்று மேடுபள்ளமாக இருக்கும். உருளை மணிகள் சிறு குழாய்த் துண்டுகளைப் போல நேரான ஓரம் கொண்டவை. அவற்றால் பின்னிய பட்டை ஓடு பதித்த தரையைப் போலச் சமமாக அமையும். ஜப்பானின் மியூகி நிறுவனம் செய்யும் டெலிகா மணிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 11/0 டெலிகா ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் விட்டமும் 1.3 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. ஒரு கிராமில் ஏறத்தாழ 200 மணிகள் இருக்கும். வட்ட மணியையும் உருளை மணியையும் ஒரே துண்டில் கலக்க வேண்டாம். அளவு எண் ஒன்றாக இருந்தாலும் உண்மையான பருமன் வேறாக இருப்பதால் பட்டை ஒரு பக்கம் நெளியும்.

எவ்வளவு மணி வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். 12 மணி அகலமுள்ள டெலிகா பட்டை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். மணிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக உட்காருவதால், ஒவ்வொரு வரிசையும் பட்டையின் நீளத்தில் மணியின் விட்டத்தில் பாதியை, அதாவது 0.8 மில்லிமீட்டரை மட்டுமே கூட்டும். ஆகவே 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு 200 வரிசைகள் தேவை. ஒரு வரிசைக்கு 6 மணி என்ற கணக்கில் 1200 மணிகள், அதாவது ஏறத்தாழ 6 கிராம். உடைந்தவற்றுக்கும் ஒதுக்குபவற்றுக்கும் சேர்த்து 8 கிராம் வாங்குவது பாதுகாப்பானது. ஒரே நிறத்தைப் பிறகு வாங்கினால் சாயம் சற்று மாறியிருக்கக்கூடும் என்பதால் தேவையான அளவை ஒரே முறையில் வாங்கிவிடவும்.

பின்னத் தொடங்கும் முன் மணிகளைச் சிறிய அளவில் கொட்டி, மிக ஒல்லியானவை, மிகத் தடித்தவை, சாய்ந்த ஓரம் உள்ளவை, துளை அடைபட்டவை ஆகியவற்றை ஒதுக்கவும். ஒரே ஒரு தடித்த மணி அதற்கு மேலுள்ள எல்லா வரிசைகளையும் தள்ளிவிடும். பத்து வரிசை கடந்த பிறகு அதை எடுப்பது எளிதல்ல.

3. நூலும் ஊசியும்

நூல் மெல்லியதாகவும், எளிதில் அறாததாகவும், இழுத்தால் அதிகம் நீளாததாகவும் இருக்க வேண்டும். முதலில் மீன்பிடித் தூண்டிலுக்காகச் செய்யப்பட்டுப் பின்னர் மணிவேலைக்கு வந்த ஃபயர்லைன் என்ற பின்னிய நூலில் 6 பவுண்டு வகை (0.15 மில்லிமீட்டர்) 11/0 மணிகளுக்கு நன்றாகப் பொருந்தும். அது நீளாது, மெழுகும் தேவையில்லை. அதன் கருஞ்சாம்பல் நிறம் தொடக்கத்தில் விரல்களிலும் வெளிர் மணிகளிலும் ஒட்டும் என்பதால், வெட்டிய நூலை ஒரு துணியால் இருமுறை துடைத்துவிட்டுப் பயன்படுத்தவும்.

நைமோ போன்ற நைலான் நூல் மென்மையாகத் தொங்கும் பட்டையைத் தரும்; நிறங்களும் பல கிடைக்கும். ஆனால் அது நீளும் தன்மையுடையது. வெட்டிய உடனே இரு கைகளாலும் பகுதி பகுதியாக இழுத்து, பிறகு தேன்மெழுகில் ஒருமுறை ஓட்டி, விரலால் நீவிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பின்னும்போது இறுக்கமாக இருந்த பட்டை அணிந்த சில நாட்களில் தளர்ந்து, மணிகளுக்கு இடையில் நூல் தெரியும். சாதாரணத் தையல் நூலைப் பயன்படுத்த வேண்டாம். மணித் துளையின் ஓரம் அதை விரைவில் அரித்துவிடும்.

மணி ஊசி தையல் ஊசியிலிருந்து வேறுபட்டது. அதன் காது தண்டைவிடப் பருமனாக இருக்காது. அதனால்தான் மணியின் துளைக்குள் அது தடையின்றிப் போகிறது. ஊசியிலும் எண் கூடினால் பருமன் குறையும். 8/0 மணிக்கு 10ஆம் எண்ணும், 11/0 மணிக்கு 10 அல்லது 12ஆம் எண்ணும் போதும். நூலை முடிக்கும்போது ஏற்கெனவே நூல் நிறைந்த மணிகளுக்குள் மீண்டும் போக வேண்டியிருக்கும் என்பதால் 12ஆம் எண் ஊசி ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

4. வேலை செய்யும் இடம்

மணிகள் உருளாத, குட்டையான இழை கொண்ட துணி அல்லது விரிப்பு ஒன்று வேண்டும். நீண்ட இழையுள்ள துண்டுகளில் ஊசி சிக்கும். ஒளி, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் மணிகளின் மீது விழாது. நுனி கூரான சிறு கத்தரிக்கோல் ஒன்று போதும். பின்னிய நூல் கத்தியின் கூரைக் கெடுக்கும் என்பதால் நல்ல துணிக் கத்தரியை இதற்கு எடுக்க வேண்டாம்.

5. நூலைத் தயார் செய்து தடுப்பு மணி கட்டுதல்

ஒன்றரை மீட்டர் நூல் வெட்டவும். அதைவிட நீளமானால் ஒவ்வொரு தையலிலும் முறுக்கும் சிக்கும் கூடும். நூலின் நுனியை நகத்தால் அழுத்தித் தட்டையாக்கி, விரல்களுக்கிடையில் சிறிதளவே வெளியே தெரியும்படி பிடித்து, ஊசியின் காதை அதன் மேல் கொண்டுவரவும். நூலை ஊசியை நோக்கித் தள்ளினால் நுனி வளைந்துவிடும். ஒரு பக்கத்தில் நுழையாவிட்டால் ஊசியைத் திருப்பி மறுபக்கத்தில் முயலவும்; காதின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று விரிந்திருப்பது வழக்கம். நூல் ஒற்றையாகவே இருக்கட்டும். இரட்டை நூலில் தவறைப் பிரிப்பது மிகக் கடினம்.

இனி, பட்டையில் இல்லாத நிறத்தில் ஒரு மணியைக் கோத்து, நூலின் வாலில் 20 சென்டிமீட்டர் விட்டு, அதே மணிக்குள் அதே திசையில் மீண்டும் ஒருமுறை ஊசியை விடவும். இதுவே தடுப்பு மணி. மற்ற மணிகள் நழுவாமல் இது பிடித்துக்கொள்ளும். பின்னர் எளிதாகக் கழற்றிவிடலாம். இரண்டாம் முறை ஊசி விடும்போது உள்ளே இருக்கும் நூலைக் குத்திப் பிளந்துவிட்டால் மணி கழலாது. அதனால் முதல் நூலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியை விடவும்.

6. முதல் இரண்டு வரிசைகளும் ஒரே கோவையில்

பெயோட்டியில் முதல் வரிசை என்று தனியாக ஒன்றைப் பின்னுவதில்லை. முதலில் கோக்கும் 10 மணிகளே மூன்றாம் வரிசை பின்னும்போது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிந்து, முதல் இரண்டு வரிசைகளாகின்றன. இதை முன்கூட்டியே புரிந்துகொள்ளாதவர்கள் மூன்றாம் வரிசையில் மணிகள் மேலும் கீழுமாக விலகுவதைக் கண்டு, ஏதோ தவறிவிட்டது என்று எண்ணிப் பிரித்துவிடுகிறார்கள்.

இதைக் கண்ணால் காண, மூன்று நிறங்களை வைத்துக்கொள்ளவும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாற்றி மாற்றி 10 மணிகளைக் கோக்கவும். தடுப்பு மணிக்கு அருகில் இருப்பது வெள்ளை. கடைசியாகக் கோத்தது சிவப்பு. மூன்றாம் வரிசைக்கு நீலத்தை ஒதுக்கி வைக்கவும். சிறிது நேரத்தில் சிவப்பு எல்லாம் ஒரு வரிசையாகவும், வெள்ளை எல்லாம் அடுத்த வரிசையாகவும், நீலம் அதற்கு மேலும் நிற்கும்.

தடுப்பு மணியை வெள்ளை மணியோடு முழுமையாக ஒட்டித் தள்ள வேண்டாம். ஒரு மணி அளவு இடைவெளி விட்டால் மணிகள் விலகுவதற்கு இடம் கிடைக்கும்.

7. மூன்றாம் வரிசை: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

கோவையை இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கிடையாகப் பிடிக்கவும். தடுப்பு மணி இடது ஓரத்திலும் ஊசியுள்ள நூல் வலது ஓரத்திலும் இருக்கட்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிக்கொள்ளலாம். பின்னலில் வேறுபாடு எதுவும் வராது.

ஒரு நீல மணியை ஊசியில் எடுத்து, கோவையின் கடைசியான சிவப்பு மணியைத் தாண்டி, அதற்கு அடுத்த வெள்ளை மணிக்குள் வலமிருந்து இடமாக ஊசியை விடவும். நூலை இழுக்கும்போது நீல மணி சிவப்பு மணியின் மேல் போய் உட்காரும். ஒன்றின் மேல் ஒன்றாக அவை இரண்டும் ஓரத்தில் நிற்கும். இன்னொரு நீலத்தை எடுத்து, அடுத்த சிவப்பைத் தாண்டி, அடுத்த வெள்ளைக்குள் விடவும். இப்படி ஐந்து நீல மணிகள் சேர்ந்ததும் ஊசி, முதலில் கோத்த வெள்ளை மணியிலிருந்து இடது ஓரத்தில் வெளிவரும். எல்லா வெள்ளைக்குள்ளும் ஊசி போயிருக்க வேண்டும். எந்தச் சிவப்புக்குள்ளும் போயிருக்கக் கூடாது. மூன்று நிறங்களின் பயன் இந்தச் சரிபார்ப்பில்தான் இருக்கிறது.

இந்த வரிசையில் மூன்று தவறுகள் மீண்டும் மீண்டும் நடக்கின்றன.

கோவை முறுக்கிக்கொள்வது முதலாவது. இரண்டு மூன்று தையல்களுக்குப் பிறகு சிவப்பு மணிகளில் சில கீழேயும் சில மேலேயும் திரும்பிவிடும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் துண்டைத் தட்டையான பரப்பில் வைத்து, எல்லாச் சிவப்பும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, நகத்தால் நேராக்கிவிட்டு அடுத்த மணிக்குப் போகவும். பின்னிய பகுதியை விரலுக்குள் மூடிக்கொண்டு, பின்ன வேண்டிய பகுதியை மட்டும் வெளியே விடுவது உதவும்.

இரண்டாவது, கடைசி நீலத்தைச் சேர்த்த பிறகு ஊசியைத் தடுப்பு மணிக்குள்ளும் விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் தடுப்பு மணி பட்டையோடு தைக்கப்பட்டுவிடும். முதல் வெள்ளையிலேயே நிறுத்தவும்.

மூன்றாவது, வரிசை முடிவதற்குள்ளேயே மிகவும் இறுக்கி இழுப்பது. மணிகள் இன்னும் தங்கள் இடத்தைக் கண்டுகொள்ளாத நிலையில் இழுத்தால் கோவை வில்லாக வளையும். வரிசை முழுவதும் முடிந்த பிறகு, வால் நூலையும் ஊசி நூலையும் இரு கைகளில் பிடித்து எதிரெதிர்த் திசையில் மெதுவாக இழுத்தால் மூன்று வரிசைகளும் ஒரே நேரத்தில் இறுகி நேராகும்.

8. நான்காம் வரிசையும் திரும்புதலும்

துண்டைத் திருப்பிப் பிடித்தால் மறுபடியும் வலமிருந்து இடமாகவே பின்னலாம். ஊசி முதல் வெள்ளையிலிருந்து வெளிவந்து நிற்கிறது. ஒரு மணியை எடுத்து, அருகில் மேடாக நிற்கும் கடைசி நீல மணிக்குள் விடவும். புதிய மணி வெள்ளையின் மேலுள்ள பள்ளத்தில் அமரும். அடுத்த மணி, அடுத்த நீலம் என்று தொடரவும்.

இங்கிருந்து மேட்டு மணிகளும் பள்ளங்களும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். விதி ஒன்றுதான்: பள்ளத்தில் மணியை வை, மேட்டுக்குள் ஊசியை விடு. ஐந்தாம் வரிசையிலிருந்து கை தானாக ஓடத் தொடங்கும். தடுப்பு மணியைப் பத்து வரிசைக்குப் பிறகு கழற்றினால் போதும்.

9. இறுக்கத்தை ஒரே சீராக வைத்தல்

நூலை மேல்நோக்கியோ உங்களை நோக்கியோ இழுக்காமல், வரிசை ஓடும் திசையிலேயே இழுக்கவும். மணி பள்ளத்தில் விழுந்து நிற்பதை விரலில் உணரலாம். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இழுப்பது பட்டையை விறைப்பாக்கி ஓரங்களை உள்ளே சுருட்டும். இழுப்புப் போதாவிட்டால் ஓரங்களில் நூல் வளையங்கள் தெரியும்.

திரும்பும்போதுதான் இறுக்கம் நழுவுகிறது. புதிய வரிசையின் முதல் மணியை வைக்கும்போது கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளவும். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதும் நல்ல பழக்கம். முந்தைய தையல் தளராமல் அது காக்கும். பட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எந்த வரிசையில் தளர்ந்தது என்பது ஒளிக்கீற்றாகவே தெரிந்துவிடும்.

10. வரிசைகளை எண்ணுதலும் வடிவப் படத்தைப் படித்தலும்

மேலிருந்து கீழாக ஓடும் மணிக்கோட்டை நிரல் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரு நிரல்களிலுள்ள மணிகளை எண்ணிக் கூட்டினால் வருவதே வரிசைகளின் எண்ணிக்கை. ஒரு நிரலை மட்டும் எண்ணினால் பாதிதான் வரும். பட்டையின் நீளம் ஏன் திட்டமிட்டதில் பாதியாக நிற்கிறது என்று வியப்பவர்கள் பெரும்பாலும் இப்படி எண்ணியவர்களே.

எழுத்து வடிவிலான குறிப்பில் முதல் வரியில் வரிசை 1, 2 இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் ஒரு வரிசை. கட்டப் படமாக இருந்தால் வரிசைகள் ஒன்று வலமாகவும் அடுத்தது இடமாகவும் மாறி மாறிப் படிக்கப்பட வேண்டும். அடுத்த வரிசையை ஒரு அட்டையால் மறைத்து வைத்துக்கொண்டு படித்தால் கண் தாவாது.

11. தவறுகளைத் திருத்துதல்

ஊசியை வந்த வழியே பின்னோக்கித் தள்ளிப் பிரிக்கக் கூடாது. மணிக்குள் இருக்கும் நூலை அது துளைத்துவிடும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது. ஊசியை நூலிலிருந்து கழற்றி, நூலை மட்டும் ஒவ்வொரு மணியாக வெளியே இழுத்து, தவறு நடந்த இடத்துக்கு வந்ததும் மீண்டும் கோத்துக்கொள்ளவும்.

ஒரு மேட்டு மணியைத் தவறவிட்டால் அந்த இடத்தில் நீளமான நூல் மணிகளின் மேல் தெரியும். அதைக் கண்டுபிடிக்க வரிசை முடிந்ததும் சேர்த்த மணிகளை எண்ணிப் பார்க்கவும்: அகலம் 10 என்றால் ஒவ்வொரு வரிசையிலும் 5 இருக்க வேண்டும்.

ஒரே பள்ளத்தில் இரண்டு மணிகள் போய்விட்டு, அதற்கு மேல் பல வரிசைகள் ஆகிவிட்டால், கூடுதல் மணியை உடைக்கலாம். குறடால் வெளியிலிருந்து நசுக்கினால் கண்ணாடித் துண்டு நூலை அறுக்கும். ஊசியைவிடத் தடித்த ஒரு குத்தூசியைத் துளைக்குள் மெதுவாக அழுத்தினால் மணி வெளிநோக்கி உடையும். கண்ணாடித் துகள் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் காப்பு அணிந்து, துண்டை ஒரு துணியால் மூடிக்கொண்டு செய்யவும்.

12. புதிய நூல் சேர்த்தல்

ஒரு வரிசை பின்ன, நூல் பட்டையின் அகலத்தை ஒருமுறை கடக்கிறது. முன்பு சொன்ன 16 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்கு 200 வரிசை என்றால் மூன்றேகால் மீட்டர் நூல் ஓடும். எனவே ஒன்றரை மீட்டர் நூலில் இருமுறையாவது புது நூல் சேர்த்தே ஆக வேண்டும்.

பழைய நூல் 15 சென்டிமீட்டர் எஞ்சும்போதே நிறுத்தவும். புதிய நூலைச் சில வரிசைகள் கீழே தொடங்கி, மணிகளின் சாய்ந்த வழியிலேயே குறைந்தது மூன்று முறை திசை மாற்றிக் கொண்டுவந்து, பழைய நூல் வெளிவந்த அதே மணியிலிருந்து அதே திசையில் வெளியே எடுக்கவும். சில வரிசைகள் பின்னிய பிறகு பழைய நூலையும் இவ்வாறே உள்ளே ஓட்டி முடிக்கவும். திசை மாற்றமே நூலைப் பிடித்து நிறுத்துகிறது. நேர்கோட்டில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் உருவி வந்துவிடும். பட்டையின் ஓர மணிகளுக்குள் முடிச்சுப் போட வேண்டாம்; பின்னர் கொக்கி பொருத்தவோ ஓரம் கட்டவோ அந்தத் துளைகள் தேவைப்படும்.

13. ஒற்றைப்படை அகலம்

நடுவில் ஒரே நிரலாக நிற்கும் கோடோ, இருபக்கமும் ஒத்த பூவோ வேண்டுமென்றால் ஒற்றைப்படைதான் சரி. இரட்டைப்படையில் நடு நிரலே கிடையாது.

11 மணிகளைக் கோத்து மூன்றாம் வரிசையைப் பின்னினால், ஊசி கடைசியில் இரண்டாம் மணியிலிருந்து வெளிவரும். முதல் மணியின் மேல் வைக்க வேண்டிய மணிக்கு அப்பால் தாங்கல் இருக்காது. அந்த மணியை எடுத்துக்கொண்டு, தடுப்பு மணியைக் கழற்றி, வால் நூலையும் ஊசி நூலையும் முடிச்சிட்டு, புதிதாக வைத்த மணிக்குள்ளேயே எதிர்த்திசையில் ஊசியை விட்டுத் திரும்பவும்.

அதன் பிறகு அதே ஓரத்துக்கு வரும்போதெல்லாம் கடைசி மணியை எடுத்து, அதற்குக் கீழே ஓர மணிகளுக்கு இடையில் தெரியும் நூலின் அடியில் ஊசியைக் கொடுத்து இழுத்து, கடைசி மணிக்குள் திரும்பப் போகவும். மறு ஓரம் வழக்கம் போலவே திரும்பும். இந்த ஓரத்தில் மட்டும் நூல் சற்று வெளியே தெரிவது இயல்பு.

14. பட்டையை வளையமாக மூடுதல்

இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்க விரும்பினால், வரிசைகளின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு முனையின் மேட்டு மணிகள் மறுமுனையின் பள்ளங்களுக்கு நேராக வரும். முனைகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, மேட்டுக்கு எதிரே மேடு நின்றால் இன்னும் ஒரு வரிசை பின்னவும். பிறகு மணி எதுவும் சேர்க்காமல், இந்த முனையின் ஒரு மேட்டு மணி, அந்த முனையின் ஒரு மேட்டு மணி என்று மாற்றி மாற்றி ஊசியை ஓட்டினால் இரண்டும் பல்லிணைப்புப் போலப் பூட்டிக்கொள்ளும். எதிர்த்திசையில் ஒருமுறை மீண்டும் ஓட்டி இறுக்கிய பிறகு, எஞ்சிய நூல்களை மூன்று திசை மாற்றங்களோடு உள்ளே மறைத்து, மணியை ஒட்டி வெட்டவும்.